வெங்காயமா, பூண்டா? வீட்டில் வளர்க்கவும் சேமிக்கவும் சமைக்கவும் ஓர் ஒப்பீடு

வீட்டில் இருக்கும் இடம் கொஞ்சம்தான், அதில் வெங்காயம் போடலாமா பூண்டு போடலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் விளைச்சலைத்தான் கணக்குப் போடுகிறார்கள். விளைந்ததை எங்கே வைப்பது என்ற கேள்வி அறுவடை நாளில்தான் எழுகிறது. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆனால் பாத்தியிலும் கூடையிலும் வாணலியிலும் இரண்டின் குணமும் வேறு. அதற்குப் பெரிய காரணம் தண்ணீர். வெங்காயத்தின் எடையில் சுமார் 89 சதவீதம் தண்ணீர். பூண்டில் அது 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. சீக்கிரம் அழுகுவது எது, வாணலியில் சீக்கிரம் கருகுவது எது, காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதையெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இடமும் குளிரும்

முதலில் இடம். ஒரு நாற்றுக்கு ஒரு பெரிய வெங்காயம்தான் கிடைக்கும். நாளுக்கு ஒன்று செலவாகும் வீட்டுக்கு வருடத்துக்கு 365 செடி வேண்டும். 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் கிட்டத்தட்ட 3.7 சதுர மீட்டர் பாத்தி. பூண்டிலும் ஒரு பல்லுக்கு ஒரு முழுப் பூண்டுதான் வரும். ஆனால் நமக்கு அது அவ்வளவு தேவைப்படாது. வாரத்துக்கு ஒரு பூண்டு என்றால் 52 செடி. 15 செ.மீ. இடைவெளியில் வைத்தாலும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடம் போதும். வீட்டுத் தேவையை முழுதாக ஈடுகட்ட நினைத்தால் பூண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரிய வெங்காயத்தைத் தொட்டியில் போட்டு வருடம் முழுக்கச் சமைப்பது நடக்காத காரியம்.

காலத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் நடும் பூண்டு அடுத்த கோடையில்தான் வெளியே வரும். 8, 9 மாதம் அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கும். வெங்காயம் விதையிலிருந்து 4, 5 மாதம். கொத்தாக விளையும் சின்ன வெங்காயம் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இடத்தையும் காலத்தையும் விட முக்கியமானது குளிர். பூண்டு பல் பல்லாகப் பிரிய வேண்டுமென்றால் சில வாரங்களாவது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து வர வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் செடி பச்சென்று வளரும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் பிரியாத ஒற்றை உருண்டை இருக்கும். சாப்பிடலாம், ருசியும் குறையாது, ஆனால் அதற்காகவா இத்தனை மாதம் காத்திருந்தோம் என்று தோன்றும். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் விதைப் பூண்டைக் காகிதப் பையில் போட்டு 6 முதல் 8 வாரம் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்ததும் நடுவது உண்டு. அதனால் கொஞ்சம் பலன் இருக்கிறது. நட்ட பிறகும் மண் சூடாகவே இருந்தால் அந்தப் பலனும் குறைந்துவிடும்.

வெங்காயத்துக்குக் குளிரைவிடப் பகல் நீளம் முக்கியம். பகல் குறிப்பிட்ட மணி நேரத்தைத் தொட்டால்தான் இலை வளர்ச்சியை நிறுத்திவிட்டு அடிப்பகுதியைப் பெருக்கத் தொடங்கும். குறும்பகல் ரகங்களுக்கு 10 முதல் 12 மணி நேரம், நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரத்துக்கு மேல், நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட ரகங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நெடும்பகல் ரகத்தை விதைத்தால் எவ்வளவு உரம் போட்டாலும் தாள்தான் கிடைக்கும். வடக்கே தள்ளி இருப்பவர் குறும்பகல் ரகத்தை வசந்தத்தில் நட்டால், செடி இலை விடுவதற்கு முன்பே அடி திரண்டு கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். ‘எங்க வீட்டு மண்ணுக்கு வெங்காயம் வராது’ என்று சொல்பவர்களில் பலர் ரகத்தை மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் முடிவு இது: குளிர்காலம் என்று ஒன்று உண்மையிலேயே வரும் இடமானால் கிடைக்கும் இடத்தைப் பூண்டுக்குக் கொடுங்கள். வருடம் முழுக்க வெப்பமாக இருக்கும் இடத்தில் சின்ன வெங்காயம். பல்கனியில் நாலைந்து தொட்டிதான் என்றால் இரண்டையும் தாளுக்காக மட்டும் வளர்க்கலாம். ஒரு பூண்டின் பற்களை நெருக்கமாக ஊன்றினால் சில வாரத்தில் வெட்டலாம், வெட்ட வெட்ட இரண்டு மூன்று முறை துளிர்க்கும். இதற்குக் குளிரும் வேண்டாம், பகல் நீளக் கணக்கும் வேண்டாம்.

விதையா, நாற்றா, விதை வெங்காயமா

பூண்டில் இந்தக் கேள்வியே கிடையாது. நாம் வளர்க்கும் பூண்டு வகைகள் முளைக்கும் விதை தருவது மிக அரிது. பல்லைத்தான் நட வேண்டும், கூர்முனை மேலே பார்க்க, 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில். பெரிய பல்லை நட்டால் பெரிய பூண்டு வரும் என்பது கிட்டத்தட்ட விதி. அதனால் அறுவடையில் பெரியதாக இருப்பதைச் சமைக்காமல் அடுத்த நடவுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். மனசு வராதுதான்.

வெங்காயத்தில் மூன்று வழி. விதைக்குத்தான் ரகங்கள் அதிகம், ஆனால் காலம் பிடிக்கும். வெங்காய விதைக்கு ஆயுளும் குறைவு. ஓரிரு வருடத்தில் முளைப்புத் திறன் சரிந்துவிடும் என்பதால் பழைய பொட்டலத்தை நம்பிப் பாத்தி போட வேண்டாம். நாற்று வாங்கி நட்டால் முதல் 6 வாரத் தலைவலி மிச்சம். மூன்றாவது வழி, போன பருவத்தில் வேண்டுமென்றே சிறியதாக வளர்த்து உலர்த்திய விதை வெங்காயம். இதுதான் சுலபம், புதிதாகத் தொடங்குபவருக்குத் தைரியம் தருவதும் இதுதான். ஒரு குறை உண்டு. வெங்காயம் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு அடி திரளும், இரண்டாம் ஆண்டு பூக்கும். விதை வெங்காயம் தன்னை இரண்டாம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பூந்தண்டு விட்டுவிடலாம். 2 செ.மீ. குறுக்களவுக்கு மேல் இருப்பதில் இந்தச் சிக்கல் அதிகம். அதனால் வாங்கும்போது சிறியதாகப் பொறுக்குவதே நல்லது. பூண்டுக்கு நேர்மாறு.

சேமிப்பை மனதில் வைத்தால் நாற்றுக்குத்தான் என் ஓட்டு. பூந்தண்டு விட்ட வெங்காயத்தின் நடுவில் ஒரு கெட்டித் தண்டு ஓடும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அது கூடையில் நாள் தாங்காது.

பூண்டிலும் சேமிப்பைப் பொறுத்த ஒரு தேர்வு இருக்கிறது. நடுவில் கெட்டித் தண்டு உள்ள வகை கடுங்குளிரைத் தாங்கும், பல் பெரிது, உரிக்கச் சுலபம், வாசனையும் தூக்கல். சுருண்டு வளரும் அதன் பூந்தண்டை ஒடித்தும் சமைக்கலாம். ஆனால் 4, 5 மாதத்துக்கு மேல் வைப்பது சிரமம். மென்தண்டு வகையில் பற்கள் பல அடுக்காக, எண்ணிக்கையில் அதிகமாக, சிறியதாக இருக்கும். உரிப்பதற்குள் பொறுமை போய்விடும். மிதமான தட்பவெப்பத்துக்கு ஏற்றது இதுதான். நன்றாக உலர்த்தினால் 8, 9 மாதம் கெடாமல் இருக்கும், தாளைப் பின்னித் தொங்கவிடவும் இதுதான் வசதி.

மளிகையில் வாங்கிய பூண்டை நடலாமா? நடலாம், பல சமயம் வரவும் செய்யும். ஆனால் அது முளைக்காமலிருக்கப் பதப்படுத்தப்பட்டதாக இருக்கலாம், நோயையும் கூடவே கொண்டுவரலாம். வெள்ளை அழுகல் நோயின் பூஞ்சை ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டால் 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும். தொட்டி என்றால் மண்ணைக் கொட்டிவிடலாம், நிலத்தில் அப்படி முடியாது. நிலத்தில் நடுபவர் சான்று பெற்ற விதைப் பூண்டாக வாங்கிக்கொள்வது நல்லது. இன்னொன்று, இந்த வருடம் வெங்காயம், அடுத்த வருடம் அதே பாத்தியில் பூண்டு என்று வைத்தால் அது பயிர் மாற்றம் ஆகாது. ஒரே குடும்பம் என்பதால் இரண்டுக்கும் நோயும் பொதுதான். நடுவில் மூன்று வருடமாவது வேறு பயிர் போக வேண்டும்.

வளர்ப்பில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டின் வேரும் மேலாக ஓடுவதால் களையைத் தாங்காது, மேல்மண் காய்வதையும் தாங்காது. சாம்பல் பூத்தாற்போல் இலையில் கோடு கோடாக வந்தால் இலைப்பேன். தண்ணீரை இலைமேல் பீய்ச்சிக் கழுவினாலே பாதி குறையும். தழைச்சத்து உரத்தை முதல் பாதியோடு நிறுத்திவிடுங்கள். பிற்பாதியில் போட்டால் இலை கொழிக்கும், கழுத்து தடிக்கும். தடித்த கழுத்து உலராது, அழுகல் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

பிடுங்கும் நாளும் உலர்த்தலும்

வெங்காயம் தானே சொல்லிவிடும். தாள் கழுத்தில் மடிந்து சாயும். பாதிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் பத்து நாளில் பிடுங்கலாம். சாயாத தாளைக் காலால் மிதித்துச் சாய்ப்பது வேண்டாத வேலை.

பூண்டு அப்படி வெளிப்படையாகச் சொல்லாது. அடியிலைகள் காய்வதை எண்ண வேண்டும். ஒவ்வொரு இலையின் அடிப்பகுதியும் பூண்டின் மேல் ஒரு தோலாகச் சுற்றியிருக்கிறது. எல்லா இலையும் காயும்வரை விட்டால் தோல் முழுக்க மண்ணிலேயே மக்கிப் பற்கள் பிளந்து நிற்கும். அதைச் சேமிக்க முடியாது. கீழே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பழுத்து, மேலே 5, 6 இலை பச்சையாக இருக்கும்போது ஒன்றைத் தோண்டி எடுத்து, குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலை நெருக்கிக்கொண்டு நிறைந்திருந்தால் மற்றவற்றையும் எடுக்கலாம். பல்லுக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் இன்னும் ஒரு வாரம்.

பிடுங்கியதும் கழுவக் கூடாது, இரண்டுக்குமே. மண்ணை உதறிவிட்டு, நிழலில், காற்று வரும் இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி 2 முதல் 4 வாரம். உலர்ந்துவிட்டதா என்று தெரிய, கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ வழுக்கினால் ஈரம் இருக்கிறது. காகிதம்போல் சரசரத்தால் தாளை 2, 3 செ.மீ. விட்டு வெட்டலாம். கழுத்து தடித்தது, அடிபட்டது, பூத்தது எல்லாவற்றையும் தனியாக எடுத்து முதலில் சமைத்துவிட வேண்டும். இந்தப் பொறுக்கலைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் கூடையில் ஒன்று அழுகிப் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும்.

எங்கே வைப்பது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ‘குளிர்ந்த இடத்தில் வை’ என்ற பொதுப் புத்திமதி பாதிதான் சரி. வெங்காயம் 0 டிகிரிக்கு அருகே, ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தில் தூங்கும். ஆச்சரியம் என்னவென்றால், 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும், காற்று உலர்ந்திருந்தால், அது தூங்கும். எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நடுவில் உள்ள இதமான வெப்பநிலைதான் அதை எழுப்பி முளைக்க வைக்கிறது. பூண்டும் இதே ஜாதிதான். 5 முதல் 18 டிகிரிக்குள் அது வேகமாக முளைக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் நிற்பது. அங்கே வைத்த முழுப் பூண்டை வெளியே எடுத்ததும் பச்சை முளை எட்டிப் பார்ப்பது இதனால்தான். நடவுக்கு முன் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான். நடப்போவதை ஃபிரிட்ஜில் வையுங்கள், சமைக்கப்போவதை வெளியே வையுங்கள்.

அதனால் உரிக்காத இரண்டுக்கும் என் தேர்வு வலைப்பையோ மூங்கில் கூடையோதான். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. உருளைக்கிழங்கோடு சேர்த்துப் போடுவதும் தவறு. அதற்கு ஈரக்காற்று வேண்டும், இவற்றுக்கு ஈரமே ஆகாது. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோரப் பகுதியில், அல்லது மழைக்காலம் நீளும் இடத்தில், எவ்வளவு நன்றாக உலர்த்தினாலும் வெங்காயம் நீண்ட நாள் நிற்காது. அப்படிப்பட்டவர்கள் ஒரே சமயத்தில் மொத்தமாக விளைவிக்காமல், சில வாரம் தள்ளித் தள்ளி நடுவது புத்திசாலித்தனம்.

ரகமும் இங்கே பேசும். காரமான, தோல் தடித்த வெங்காயம் மாதக்கணக்கில் இருக்கும். இனிப்பான, சாறு மிகுந்த ரகம் ஓரிரு மாதம்தான். பச்சையாகச் சாப்பிட இனிப்பு ரகம் சுகம் என்றாலும், சேமிக்க நினைப்பவர் பாத்தியில் பெரும்பகுதியைக் காரத்துக்கே விட வேண்டும்.

முளைக்கத் தொடங்கியவை, அடிபட்டவை என்று தேறாதவற்றுக்கு மூன்று வழி உண்டு. ஃபிரீசர் வெங்காயத்துக்கு நன்றாக ஒத்துவரும். நறுக்கித் தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டால் போதும், முன்கூட்டி வேகவைக்கத் தேவையில்லை. மொறுமொறுப்பு போய்விடும், ஆகவே வதக்கலுக்கு மட்டும். காயவைப்பதற்குப் பூண்டுதான் தோது. ஒரு கிலோ பூண்டில் கிட்டத்தட்ட 400 கிராம் மிஞ்சும். ஒரு கிலோ வெங்காயத்தில் 100 கிராமுக்குச் சற்றுமேல்தான், அதற்குள் வீடு முழுக்க வாடை. வினிகரில் ஊறப்போடுவதற்கு இரண்டும் பொருத்தம். ஊறிய பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பதற வேண்டாம். புளிப்பில் அதன் கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை அது, கெடுதல் இல்லை.

பூண்டை எண்ணெயில் போட்டு வைப்பதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணோடு பூண்டில் ஒட்டிவரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் கிருமியின் வித்துகள் காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் பூண்டு அப்படிப்பட்ட இடம்தான். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்டு ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த நறுக்கிய பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். வாசனையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. எண்ணெயில் மெல்ல வேகவைத்த பூண்டும் இதில் அடக்கம், ஏனென்றால் அந்தச் சூட்டில் வித்துகள் சாவதில்லை. செய்தால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நேராக ஃபிரீசர். கடையில் விற்பது அமிலம் சேர்த்தது, அதை வைத்து வீட்டுத் தயாரிப்பை எடைபோடக் கூடாது.

அடுப்பில்

இரண்டிலும் காரம் முன்கூட்டியே தயாராக இருப்பதில்லை. வெட்டும்போது செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்த பிறகுதான் பிறக்கிறது. பூண்டில் அப்படிப் பிறப்பது அல்லிசின். 1944-இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். வெங்காயத்தில் ஒரு படி கூடுதல். கண்ணீர் வரவழைக்கும் ஆவியை உண்டாக்கத் தனியாக ஒரு நொதியே இருக்கிறது என்று 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அரை மணி நேரம் குளிரவைத்து, கூரான கத்தியால் வெட்டினால் நொதியும் மந்தமாகும், உடையும் செல்லும் குறையும்.

இதிலிருந்து கிடைக்கும் தேர்வு எளிது. காரம் தூக்கலாக வேண்டுமென்றால் பூண்டை நசுக்குங்கள் அல்லது அரையுங்கள். மிதமாக வேண்டுமென்றால் சீவுங்கள். இனிப்பாக வேண்டுமென்றால் முழுப் பல்லாகவே சூட்டில் போடுங்கள், நொதி வேலை செய்வதற்குள் சூடு அதை அடக்கிவிடும். நசுக்கிய பூண்டை 10 நிமிடம் விட்டுவிட்டு அடுப்பில் சேர்ப்பது நல்ல பழக்கம், அல்லிசின் உண்டாக அவகாசம் கிடைக்கும்.

வாணலியில் இரண்டும் சேர்ந்து போகும்போது வெங்காயம் முதலில், பூண்டு பிறகு. வெங்காயத்தில் உள்ள தண்ணீர் வற்றும்வரை அது கருகாது. பொடியாக நறுக்கிய பூண்டு அரை நிமிடத்தில் பொன்னிறமாகி, அடுத்த அரை நிமிடத்தில் கசக்கும். பச்சை வாடை போவதற்குப் பூண்டுக்கு அவ்வளவு நேரமே போதும். வெங்காயம் ஆழ்ந்த பழுப்பாகி இனிக்க முக்கால் மணி நேரம் சிறுதீயில் நிற்க வேண்டும். 10 நிமிடத்தில் ஆகிவிடும் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள். நீளவாக்கில், மேலிருந்து கீழாக நறுக்கிய துண்டுகள் இதில் உருவம் குலையாமல் நிற்கும். குறுக்கே வட்டமாக அரிந்தவை சீக்கிரம் குழைந்துவிடும். குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் அதுவே வசதி.

பூண்டுப் பல்லைப் பிளந்தால் நடுவில் வெளிறிய பச்சை முளை தெரியும். பல்லின் பாதிக்கும் குறைவாக இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். நுனிவரை வந்திருந்தால், பச்சையாக அரைக்கும் எதிலும் சேர்க்காமல் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள், கொஞ்சம் கசக்கும். வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் தேவையில்லை. முளைத்த வெங்காயத்திலும் நஞ்சு கிடையாது. முளையை நறுக்கித் தாள்போலப் பயன்படுத்தலாம், சுற்றியுள்ள சதை சுருங்காமல் இருக்கும்வரை அதையும் சமைக்கலாம்.

நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டில் மட்டும் நறுக்கிய மிச்சத்தையும் வதக்கிய மிச்சத்தையும் மூடிய குப்பைக்கூடையில் போடுங்கள். வெங்காயமும் பூண்டும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம், வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்தத் தன்மை போகாது.